வீட்டு ஆள்

மருந்துக் கறை போகாத விரல்களால் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிய என் அப்பாவுக்கு,

அண்ணாச்சி போய்விட்டார் அப்பா. போன வாரம்தான். கோவில்பட்டியில் பாதிக் கடைகளை அடைத்துவிட்டார்கள். நீங்கள் காலமெல்லாம் குச்சிக்கு மருந்து முக்கிய அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலும் கறுப்புத் துணி தொங்குகிறது. உங்கள் முதலாளி செத்த செய்தியை உங்களுக்கு நான்தானே சொல்ல வேண்டும்?

ஒவ்வொரு வருஷமும் உங்கள் திதியன்று படத்துக்கு முன்னால் நின்று வீட்டுச் செய்தி எல்லாம் சொல்லுவேன். மழை பெய்ததா, பசுவந்தனைப் பக்கம் யார் பருத்தி போட்டார்கள், அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, எல்லாம். அண்ணாச்சி மேல் நாங்கள் போட்ட கேஸைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. "ஏட்டி, உனக்குத் தீப்பெட்டி வாயி. உரசுனா பத்திக்கிடும்" என்று கேலி செய்வீர்களே, அந்த வாய்தான் உங்கள் முன்னால் ஊமையாக நிற்கும்.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பி.எப். அதிகாரி சோதனைக்கு வந்தார். பதிவில் பெயர் இல்லாத பெண்களை எல்லாம் பின்வாசல் வழியாக உடைமரக் காட்டுக்குள் விரட்டிவிட்டார்கள். உங்கள் பெயரும்தான் பதிவில் இல்லை. ஆனால் உங்களை விரட்டவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னீர்கள்: "அதிகாரி முன்னாடி அண்ணாச்சி என் தோள்ல கையப் போட்டுட்டாருட்டி. 'இவன் கூலிக்காரன் இல்ல சார், எங்க வீட்டு ஆளு. சும்மா ஒத்தாசைக்கு வருதான்'னாரு. நானும் ஆமா சார்னு கையெழுத்துப் போட்டேன்."

சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான், ஏன் மறைக்க? முதலாளி தோளில் கை போட்ட அப்பா ஊரில் வேறு யாருக்கு இருந்தார்? வானம் பார்த்த கரிசலை நம்பி நொந்து, வேலை கேட்டு வந்த மனுஷரை ஒருவர் வீட்டு ஆள் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒரு பெயர் எந்தப் பதிவில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இருந்துவிட்டோம்.

பிறகு குச்சி அடுக்கிய மருந்துக் கட்டையைக் கையில் பிடித்தபடியே நெஞ்சு வலித்துச் சாய்ந்தீர்கள். அண்ணாச்சி தன் காரில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதில் ஒருநாள் ஏற வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தது. ஏறியது உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

மாலையோடு வந்தார். செலவுக்குக் கொடுத்தார். அம்மாவிடம், "நான் இருக்கேன், கவலைப்படாதம்மா" என்றார். நாலாம் நாள் அவர் பேத்திக்குக் காதுகுத்து. மேளச் சத்தம் நம் தெருவரைக்கும் கேட்டது. மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு வந்தது. சோறு, சாம்பார், இரண்டு பொரியல். பாயசம் மட்டும் இல்லை. துக்க வீட்டுக்கு இனிப்பு அனுப்பக்கூடாது என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது துக்க வீடு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது; அது தங்கள் துக்கம் என்றுதான் தோன்றவில்லை.

அண்ணாச்சியின் "நான் இருக்கேன்" ஒரு பொங்கல்வரைக்கும் வந்தது. அப்புறம் அம்மா பெட்டி ஒட்டப் போனாள். வேறு ஆபீஸில் மருந்து முக்கியவரின் சம்சாரம் மாசாமாசம் பென்ஷன் வாங்குவதைக் கேள்விப்பட்டு, அண்ணாச்சியிடமே போய்க் கேட்டாள். "அவன் எங்க வீட்டு ஆளுல்லா? அவனுக்கு என்னத்துக்கும்மா பி.எப்.?" என்று சிரித்திருக்கிறார். அம்மாவும் சிரித்துவிட்டு வந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டது.

சங்கத்தில் போய் விசாரித்தேன். முதலாளி பேரைச் சேர்க்காமல் விட்டாலும் தொழிலாளியின் உரிமை போய்விடாது என்றார்கள். செத்துப் போயிருந்தால் வீட்டுக்காரி மனு கொடுக்கலாம். அதிகாரி கோர்ட் மாதிரியே விசாரிப்பார், கூட வேலை பார்த்தவர் ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது, கட்டாமல் விட்டதை முதலாளியிடமே வசூலிப்பார்கள். இவ்வளவு வழி இருக்கிறது என்று உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா அப்பா? சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா?

உங்கள் ஆபீஸில் பெட்டி அடைத்த பேச்சியம்மாக்கா சாட்சிக்கு வந்தாள். மூன்று பேரும் திருநெல்வேலி பி.எப். ஆபீஸுக்குப் பஸ் ஏறினோம். அங்கே அண்ணாச்சியின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டியதே உங்கள் வாக்குமூலத்தைத்தான். 'சம்பளம் வாங்கவில்லை, முதலாளி வீட்டு ஆள்.' கீழே உங்கள் கையெழுத்து. வக்கீல் என்னைப் பார்த்து, "அப்ப உங்கப்பா பொய் சொன்னாருங்கியா?" என்றார். ஊருக்குள் ஒரு எல்லைத் தகராறு என்றால்கூட உங்கள் வாக்கைக் கேட்டுத்தான் கல் ஊன்றுவார்கள். உங்களைப் பொய்யர் என்று நிரூபித்தால்தான் அம்மாவுக்குச் சோறு.

பேச்சியம்மாக்கா பயப்படாமல் சொன்னாள். "தெனமும் எனக்கு முன்னாடி வருவாவ, எனக்குப் பின்னாடி போவாவ. சனிக்கெழம சனிக்கெழம என் கூடத்தான் வரிசைல நின்னு சம்பளம் வாங்குனாவ." அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். நான் எழுந்தேன்.

"எங்கப்பா உங்க வீட்டு ஆளுன்னு சொல்லுதீங்க. அவிய செத்ததுக்கு நீங்க எத்தனை நாள் தீட்டுக் காத்தீங்க அண்ணாச்சி?"

பதிவில் பேரை மறைக்கக் கூசாத மனுஷர்தான். ஆனால் தீட்டு விஷயத்தில் வாய் கூசாமல் பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காதுகுத்துக்கு நாள் குறிச்சாச்சு..." என்று ஆரம்பித்தார், நிறுத்திக்கொண்டார். அப்புறம், "காக்கலம்மா" என்றார்.

எனக்குள் வெடி வெடித்தது. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளியது மனசு. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

திரும்பும்போது பஸ் கயத்தாறு தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஒத்தைச் சொல்லுக்காகத்தான்ட்டி அவிய உசிரக் குடுத்து வேல பாத்தாவ. செத்தவியகிட்ட இருந்து அதையும் புடுங்கிட்டியே."

உத்தரவு நமக்குச் சாதகமாகத்தான் வந்தது. நகல் வாங்கப் போனபோது, அதில் நான் கேட்ட கேள்வியைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அதிகாரியிடமே கேட்டேன். "முதலாளிய பக்கத்துல வச்சுக்கிட்டு வாங்குன வாக்குமூலத்த நான் கணக்குலயே எடுக்கலம்மா. அந்தப் பேச்சியம்மா சாட்சி ஒண்ணே போதும். தீட்டெல்லாம் எதுக்கு?" என்றார்.

எதுக்கு? அன்றைக்கு அந்த ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன் அப்பா. கேஸ் போட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. அது உங்கள் உழைப்பு, அம்மாவின் சோறு. ஆனால் தேவையே இல்லாத ஒரு கேள்விக்காக உங்கள் சாவை நாலு பேர் முன்னால் எடுத்து வீசிவிட்டேன். நீங்கள் அந்த வீட்டு ஆள் இல்லை, யாரோ ஒரு கூலிக்காரர் என்று அண்ணாச்சி வாயாலேயே சொல்ல வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் அந்த அறையில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பீர்கள்?

இன்னும் கேவலம் பாக்கி இருக்கிறது. இப்போது மற்ற ஆபீஸ் பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எப்படி மனு எழுத, யாரைச் சாட்சிக்குக் கூப்பிட என்று சொல்லித் தருகிறேன். சங்கக் கூட்டத்தில் பேசக் கூப்பிடுவார்கள். அங்கே அந்தக் கேள்வியைத்தான் சொல்லுவேன், அண்ணாச்சி கண்ணாடி துடைத்ததை நடித்தும் காட்டுவேன். கைதட்டுவார்கள், சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்போது உங்கள் முகம் நினைவுக்கு வந்ததே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

போன வாரம் சாவுச் செய்தி வந்ததும் அம்மா நேரே கொல்லைக்குப் போனாள். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வந்து நின்றாள். சாமி விளக்கை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"அவிய இருந்தா குளிச்சிருப்பாவல்லா. அவியளுக்குப் பதிலா நான் குளிச்சேன்."

"அவர் மேல கேஸு போட்டு பென்ஷன் வாங்குத கைதானே இது?"

"கேஸு வேற, இது வேற. போட்டி அங்கிட்டு."

அவளுக்கு அது இவ்வளவு லேசாக இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போட்டது நான்தான். உங்கள் தோளில் விழுந்த கை பொய்யாகவே இருக்கட்டும். நீங்கள் அந்த வீட்டுக்குக் கொடுத்தது பொய் இல்லையே. அதை அம்மா இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பேர் விடுபட்டவர்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை இனி எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டேன். பதினாறாம் நாள்வரைக்கும் நம் வீட்டு விளக்கு கவிழ்ந்தே இருக்கும், நான் நிமிர்த்த மாட்டேன். இன்று காலையில் நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அண்ணாச்சிக்காக இல்லை அப்பா. உங்களுக்காக.

இப்படிக்கு,
அன்றைக்குப் பதினாறு நாளும் உங்களுக்குத் தீட்டுக் காத்த
உங்கள் வீட்டு ஆள்,
மகள் முத்துலட்சுமி