புகைபோக்கியின் ஓரம்

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் போனை ஆலை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். சோற்று டப்பாவை மட்டும் உள்ளே விடுவதால் இதை அதில் வைக்கிறேன். பதினோரு நாளாக நீங்கள் என்னோடு பேசவில்லை. உங்கள் அம்மாவைப் பற்றி நான் சொன்னது தப்புதான். இதை மட்டும் படியுங்கள்.

எங்கள் கம்பெனி மாடியிலிருந்து உங்கள் உலையின் புகைபோக்கியைப் பார்த்துத்தான் டெலஸ்கோப் லென்ஸ்களைச் சோதிப்போம். சாதாரணக் கண்ணாடியில் அதன் ஓரம் ஊதா படிந்து கலங்கித் தெரியும். இந்த முறை நிறம் சிதறாத, விலை கூடிய கண்ணாடி வந்தது. மயிரிழை பிசகினாலும் உருவம் கலங்கிவிடும் என்று ஒன்பது நாள் கையாலேயே மெருகேற்றினேன். இன்று காலை பார்த்தபோது ஓரம் துல்லியமாக இருந்தது. அதை ஒட்டி, புகைபோக்கியின் உச்சியிலிருந்து பாதிவரை ஒரு விரிசல். பழைய லென்ஸில் பார்த்தால் அந்த இடம் ஊதாவுக்குள் மறைந்துவிடுகிறது. எத்தனை நாளாக இருந்ததோ.

உங்கள் சூப்பர்வைசர் எட்வர்டிடம் ஓடிவந்து சொன்னேன்.

"இன்னாம்மா, உன் லென்ஸ்ல கீறல் வுழுந்துகினு கீது. போய் அத்தப் பாரு" என்றார்.

திரும்பிப் போய் லென்ஸைச் சுழற்றிப் பார்த்தேன். லென்ஸில் கீறல் என்றால் அதுவும் கூடவே சுழலும்; கோடு அசையவில்லை. இப்போது அந்த விரிசல் வழியாகப் புகை கசிகிறது.

சாப்பிட உட்காராதீர்கள். கூட இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கேட்டில்தான் நிற்கிறேன்.

பாப்பாவின் அம்மா