பட்டியலின் முதல் வரி

கலிஸ்டோ தொடர்பு நிலையம், வியாழனின் நிலவு. பதிவு எழுதுபவர்: ஜெபக்கனி, பராமரிப்புப் பொறியாளர்.

நாள் 388. 07:10

பேட்ச் 2971 வந்தது. பதினாறு வரி. போட்டேன், கம்ப்யூட்டர் பிழையில்லாமல் கம்பைல் செய்தது, எண்ணை அனுப்பினேன். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று நன்றாக ஓடுகிறது. இரண்டாவது இருமுகிறது.

இதைக் கண்டெடுப்பவர் கம்ப்யூட்டர் ஆளாக இல்லாமல் போகலாம், அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்த நிலையத்தை நடத்தும் மென்பொருளின் மூலநிரல் முழுவதும், வரி வரியாக, இங்கே இருக்கிறது. பூமியில் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். மொத்தத்தையும் மறுபடி அனுப்ப இங்கிருக்கும் சிக்னலுக்குப் பதினோரு மாதம் ஆகும். ஆகவே மாறிய வரிகளை மட்டும் எண் போட்டு அனுப்புவார்கள். இந்த வரியை எடு, அந்த வரியைச் சேர். அதுதான் பேட்ச். 2970 போட்ட பிறகுதான் 2971. ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது. போட்டு முடித்ததும் கம்ப்யூட்டர் ஒரு சரிபார்ப்பு எண் தரும். அதைப் பூமிக்கு அனுப்ப வேண்டும். அங்கே கணக்கிட்ட எண்ணும் இதுவும் ஒன்றென்றால் அங்கிருக்கும் பிரதியும் இங்கிருக்கும் பிரதியும் ஒன்று.

நான் ஒன்றைத் தாண்டியிருக்கிறேன்.

நாள் 389. 12:40

பூமியிலிருந்து கதிரேசன். பேட்ச்களை எழுதி அனுப்புவது அவர்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பொள்ளாச்சிப் பக்கம். அவர் குரல் இங்கே வந்து சேர நாற்பது நிமிடம்.

"அக்கா, சாப்ட்டீங்களா? ரெண்டாவது மெஷினோட அளவெல்லாம் பாத்தேனுங்க. பத்து நாளைக்கு மேல தாங்காதுங்க. பயப்படாதீங்க, ஒரு மெஷினை வச்சே ஓட்டற மாதிரி பேட்ச் எழுதிட்டு இருக்கேன். உங்களுக்கு எந்த அறை வேணுமோ அங்க மட்டும் காத்து வர்ற மாதிரி பண்ணிரலாங்க."

பயப்படவில்லை. எரிச்சல்தான். இரண்டாவது இயந்திரத்தை மாற்றுங்கள் என்று கிளம்பும் முன்பே தொண்டை வறளக் கத்தினோம், நானும் கோட்டைச்சாமி அண்ணாச்சியும்.

நாள் 390. 08:05

சரி, எழுதித்தான் ஆக வேண்டும்.

இங்கே இருவர் வந்தோம். கோட்டைச்சாமி அண்ணாச்சி நிலையத் தலைவர், ராமநாதபுரத்துக்காரர், ஐம்பத்தொரு வயது. நாள் 341 அன்று காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். நான் ஒருத்தியாக அவரை வெளியே கொண்டுபோய்ப் பனிக்குள் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு முன்பே அவர் கைப்பட்டையைக் கழற்றிக் கட்டிலில் வைத்திருந்தேன். கதவுகள் ஆளை அடையாளம் காண்பது அந்தப் பட்டையை வைத்துத்தான். அதனால் நிலையத்தைப் பொறுத்தவரை அவர் அந்த அறையைவிட்டு வெளியே போகவே இல்லை. அறிவிப்புப் பலகையில் இன்றும் "அறை 1: உள்ளே இருக்கிறார், உறங்குகிறார்" என்றுதான் வருகிறது.

ஒரு வாரம் கழித்து 2904 வந்தது. ஒரே ஒரு வரி. குழுப் பட்டியலில் முதலில் இருக்கும் அவர் பெயரை எடு.

அவர் அறை வாசலில் அழைப்பு மணி உண்டு. அழுத்தினால் அவர் பதிந்து வைத்த பதில் வரும்: "கொஞ்சம் இரு தாயி, இந்தா வந்துட்டேன்." வந்த புதிதில் நான் நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துத் தொந்தரவு செய்ததால் பதிந்தது. பெயரை எடுத்தால் அந்தக் குரலும் போய்விடும். நான் எடுக்கவில்லை.

பேட்சின் கடைசியில், போட்டால் எந்த எண் வர வேண்டும் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் காப்பியடித்ததில்லை. அன்றிலிருந்து வரும் ஒவ்வொரு பேட்சுக்கும் அதே காப்பிதான். பட்டியலைத் தொடும் பேட்ச் என்றால் "ஒரு வரி தள்ளியிருக்கிறது, போடவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். போடு என்பேன்.

தினமும் காலையில் அந்த மணியை அழுத்துகிறேன். இன்றும் அழுத்தினேன். வெட்கமில்லை எனக்கு.

நாள் 395. 16:20

இரண்டாவது இயந்திரம் நின்றது. இரண்டு பேருக்கான அறைகளை ஒரு இயந்திரம் நிரப்பப் பார்க்கிறது. தலை கனக்கிறது. இல்லாத ஒருவர் அறைக்கும் பாதிக் காற்று போய்க்கொண்டிருக்கிறது. அதை நான்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 396. 10:15

கதிரேசன்: "அக்கா, 2990 அனுப்பிட்டேனுங்க. இதைப் போட்டீங்கன்னா குழுல இருக்கறவங்க அறைக்கே மொத்தக் காத்தும் போயிரும். மத்ததெல்லாம் தானா மூடிக்கும். உங்க எண்ணெல்லாம் டாண் டாண்ணு ஒத்து வருது, அதான் தைரியமா எழுதிப்போட்டேன். இனிமே பேட்ச் எல்லாம் கம்ப்யூட்டரே போட்டு எண்ணையும் அதுவே அனுப்பிக்கும். நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க. இதுவரைக்கும் நீங்க பட்டது போதுங்க்கா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அழுதுவிட்டேன்.

முதலில் 2904-ஐப் போட வேண்டும். அதுதான் முறை. பட்டியலைத் திறந்தேன். முதல் வரி அவர், இரண்டாவது வரி நான். அவர் பெயர் மேல் கர்சரை வைத்தேன். பிறகு எழுந்து போய் மணியை அழுத்திக் கேட்டேன். திரும்பி வந்து பட்டியலை மூடிவிட்டேன். மூச்சுக்குத் தேவை 2990, அதைப் போடுவோம், பெயரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 396. 10:50

2990 ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பொருந்தியது. எண்ணைக் காப்பியடித்து அனுப்பினேன். நிலையத்தை மறுதொடக்கம் செய்கிறேன்.

நாள் 396. 11:25

கட்டுப்பாட்டு அறையின் காற்றுத் துவாரம் மூடிக்கொண்டது. என் அறையிலும். பலகையில்: "குழு: ஒருவர். அறை 1: உள்ளே இருக்கிறார். காற்று நிறைவு."

கதிரேசனின் நிரலை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பட்டியலின் முதல் பெயருக்கு எல்லாவற்றையும் கொடு. கீழே வேறு பெயர் மிச்சமிருந்தால் குழுவிலிருந்து நீக்கு, அறையை மூடு. அவர் மேல் தப்பே இல்லை. பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது என்று ஐம்பது நாளாக அவருக்கு எண் அனுப்பியவள் நான். போடும்போது அந்த வரியைப் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 396. 12:10

கம்ப்யூட்டர் என் கைப்பட்டையை ஏற்கவில்லை. "வருகையாளர்" என்கிறது. நிரலைத் திறக்க முடியாது. பூமிக்குப் பேச முடியாது. விண்வெளி உடை இருக்கும் அறையும் திறக்கவில்லை. நாட்குறிப்பில் மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அது வாரம் ஒருமுறைதான் பூமிக்குப் போகும். அடுத்தது நாள் 402.

எல்லாவற்றையும் திறக்கும் கைப்பட்டை ஒன்று இருக்கிறது. அறை 1-இல், கட்டில் மேல். என் கையாலேயே வைத்தேன்.

நாள் 396. 13:30

அறை 1 வாசலில் இருக்கிறேன். கதவுக்கு அந்தப்பக்கம் காற்று ஓடும் சத்தம் கேட்கிறது. பலகை சொல்கிறது: "வருகையாளர். அறைக்கு உரியவரிடம் அனுமதி கேட்கப்படுகிறது."

அண்ணாச்சி: "கொஞ்சம் இரு தாயி, இந்தா வந்துட்டேன்."

"உரியவர் பதிலளித்தார். காத்திருக்கவும்."

நாள் 396. 15:00

ஸ்பேனரால் கதவை அடித்தேன். அழுத்தக் கதவு, சும்மா கீறல் விழுந்ததுதான் மிச்சம். அடித்ததில் இருந்த காற்றையும் செலவழித்துவிட்டேன். தலைவலி. விரல் நுனி குறுகுறுக்கிறது. மணியை எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அதே அலுப்பில்லாத குரல். உயிரோடு இருந்தபோதும் அவர் என்மேல் ஒருமுறைகூட எரிந்து விழுந்ததில்லை.

கதிரேசா, உன்மேல் பழி வரக் கூடாது. நீ எழுதியது சரி. என் எண்கள் பொய். 2904-ஐ நான் போடவில்லை. இதைப் படிப்பவரே, கதிரேசனிடம் இதைச் சொல்லுங்கள்.

நாள் 396. 16:45

சாய்ந்து உட்கார்ந்தேன். கதவு இளஞ்சூடாக இருக்கிறது. உள்ளே ஹீட்டர். ஐம்பது நாளாக அவருக்குக் குளிரக் கூடாதென்று

உள்ளே யாரோ நடக்கிற மாதிரி. இல்லை. காற்று. காற்றுதான்

நாள் 396. 17:10

மணி. அதே பதில்

சரி அண்ணாச்சி. இருக்கேன்

நாள் 398. 09:02. தானியங்கிப் பதிவு

பேட்ச் 2991 போடப்பட்டது. சரிபார்ப்பு எண் அனுப்பப்பட்டது.

குழு: ஒருவர். கோட்டைச்சாமி. அறை 1: உள்ளே இருக்கிறார், உறங்குகிறார். காற்று நிறைவு.

வருகையாளர்: ஒருவர். அறை 1 வாசல். காத்திருக்கிறார்.

நாள் 398. 10:31. தானியங்கிப் பதிவு

பூமியிலிருந்து அழைப்பு: "அக்கா, எண் ஒத்து வரலீங்க. பட்டியல்ல ஒரு வரி அதிகமா இருக்குதுங்களா? அக்கா, நீங்க எங்க இருக்கீங்க? எதாவது பேசுங்க்கா."

அழைப்பு குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு பதிலளித்தது. பதில் பூமிக்கு அனுப்பப்பட்டது: "கொஞ்சம் இரு தாயி, இந்தா வந்துட்டேன்."