நீலவாவு

அக்கா,

இன்று காலையும் பேப்பர்க் கட்டின் சணலை அறுத்ததும் முதலில் வந்தது அந்த மை வாசனைதான். மழைக்குப் பயந்து சுற்றிய பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டுக் கிடந்து, பிரித்ததும் மண்ணெண்ணெய்போல மூக்கில் ஏறும் வாசனை. உன் சேலைத் தலைப்பில் எப்போதும் இது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டும் சேலையில்கூட.

மேலே இருந்த பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு நிலா. நூற்றாண்டின் பிரகாசமான முழுநிலா இன்று என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விளக்கில்லாமல் பேப்பர் படிக்கலாமாம். வண்டிகள் ஹெட்லைட்டை அணைத்துவிட்டே ஓடலாமாம். தமிழ்ப் பேப்பரிலும் மலையாளப் பேப்பரிலும் ஒரே படம்தான். நான் வழக்கம்போலத் தலைப்பைச் சத்தமாக வாசித்தேன். கேட்க நீ இல்லை என்பது வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

கடையை நான் இன்னும் மூடவில்லை. காலையில் மட்டும் திறக்கிறேன். கேரள எல்லைக்குள் இந்த அமரவிளைச் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நிற்கும்வரை தமிழ்ப் பேப்பர் கேட்டு டிரைவர்மார் வருவார்கள் என்று நீ சொல்வாய். வருகிறார்கள். உன்னைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்தப் பெட்டிக்கடை உன் கைக்கு வந்தது. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. உன்னோடு வந்து ஒட்டிக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் புரை மூடி எழுத்துத் தெரியாமல் போனபோது நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். விடியும்போது நான் தலைப்புகளை வாசிக்க வேண்டும். நீ மனதில் வாங்கிக்கொள்வாய். நெய்யாற்றின்கரைப் பாரலல் காலேஜில் பாடம் நடத்த நான் பஸ்ஸுக்குப் போனதும் அதையெல்லாம் கூவி விற்பாய். எதிர்ப்பக்கம் செல்லப்பன் சைக்கிளில் மைக்கைக் கட்டிக்கொண்டு லாட்டரி விற்பான். அவன் “நாளெ, நாளெ” என்று நாளைய குலுக்கலுக்கு அழைப்பான். நீ “இன்னைக்கு, இன்னைக்கு” என்று செய்தியைக் கூவுவாய். பஸ் வரும்வரை நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இந்த வருஷம் ஜனவரிக் கடைசியில்தான் அது தொடங்கியது. ‘இன்று நீல நிலா. அபூர்வக் காட்சி’ என்று ஒரு பெட்டிச் செய்தி. நான் முழுவதும் வாசித்தேன். ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை வெள்ளைக்காரர்கள் அப்படி அழைப்பார்கள், பெயர்தான் நீலம், நிறம் அல்ல என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் சொன்னேன்.

“அடியில உள்ளத வாங்குறவன் வாசிச்சுக்கிடட்டு. எனக்குத் தலப்பு போதும்” என்றாய். ஆனால் உனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது, எனக்குத் தெரியும். நீலமான ஒன்றைக் கூவும் குரலாகத்தான் அன்று உன் குரல் இருந்தது. நான் பஸ் ஏறுவதற்குள் பாதிக் கட்டு போய்விட்டது.

சாயங்காலம் ஜங்ஷனில் திருவிழாக் கூட்டம். கோவிலில் தைப்பூசம் தொழுது வந்தவர்கள், நம் சபைக்காரர்கள், பிள்ளைகள் எல்லாம் உன் கடை முன்னால் நின்றார்கள். தென்னைகளுக்கு மேல் நிலா வந்தது. மஞ்சளாக வந்து, வெள்ளையாக ஏறி, என்றைக்கும்போல நின்றது.

நம் ஊர்ப் பேச்சில் அமாவாசை கறுத்தவாவு, பௌர்ணமி வெளுத்தவாவு. மூன்றாவது ஒன்றை யாரும் கேட்டதில்லை. செல்லப்பன் விடுவானா?

“எக்கா, கறுத்தவாவு உண்டு, வெளுத்தவாவு உண்டு. இந்த நீலவாவு எந்தச் செக்போஸ்டு வழியா வந்துது?”

“எலே, வரி கட்டாம வந்ததாக்கும். உரக்கக் கேக்காத.”

“நான் நாளைக்கு உள்ளத விக்கேன். நீங்க இன்னைக்கு இல்லாததயல்லா விக்கிதிய!”

மைக்கில் சொன்னான். ஜங்ஷனே சிரித்தது. நீயும் சிரித்தாய். மறுநாள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உன் பெயர் நீலவாவு ஆயிற்று.

வீட்டில் நீ சிரிக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் பிசைந்துகொண்டே இருந்தாய், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“பொய் பறஞ்சு வித்தவளுன்னு ஆயிப்போச்சு, பாத்தியா?”

“பேப்பர்ல போட்டதுதானே அக்கா.”

“அது இல்ல பிள்ளே. நீலமா இல்லியான்னு எனக்கே தெரியாதுல்லா. எனக்கு அது ஒரு பஞ்சுத்துண்டு. நான் காணாத சாதனத்தயல்லா விளிச்சு வித்திருக்கேன்.”

பிப்ரவரியில் பௌர்ணமியே வரவில்லை. “ஜனவரிக்காரி ரெண்டத் தின்னா, பிப்ரவரிக்காரி பட்டினி” என்றாய். மார்ச்சில் மறுபடி இரண்டு வரும், மாதக் கடைசியில் இன்னொரு நீல நிலா என்று பேப்பர் பிடித்துக்கொண்டது. அன்று நான் வாசித்து நிறுத்தியதும் நீ கூவப் போகவில்லை.

“அந்தக் கண்ணு ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்துல எங்க இருக்கு?” என்று கேட்டாய்.

எத்தனை முறை நான் கூப்பிட்டிருப்பேன்! உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குள் நடந்து போய், நடக்காமல் வந்தவர். அதன்பிறகு ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நீ ஜன்னலோரம் உட்காரமாட்டாய். அப்படிப்பட்ட நீ கத்தியைக் கண்ணுக்குள் விடச் சம்மதித்தாய், ஊர் சிரித்த அந்த நிலாவை நீயே பார்த்துத் தீர்த்துக்கொள்ள. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதற்காக மரச்சீனியை விட்டாய். “சந்திரனுக்கு வேண்டி கெழங்க விட்டவ நான் ஒருத்திதான்” என்று கோதுமைக் கஞ்சியைக் குடித்தாய்.

முதலில் வலது கண். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் நீ என்னைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

“எடி, உனக்கு இவ்வளவு நரச்சுப் போச்சா? ஒரு வார்த்த பறஞ்சியா நீ?”

நர்ஸும் சேர்ந்து சிரித்தாள்.

மார்ச் கடைசி நாள் வந்தது. கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அது பங்குனி உத்திர நிலா. நமக்குப் பெரிய வெள்ளிக்கு முந்தின பௌர்ணமி. பேப்பருக்கு மட்டும் நீலம். நீ அன்று அதைக் கூவவில்லை. ஆனாலும் சாயங்காலம் கூட்டம் கூடிவிட்டது, உன்னைப் பார்க்க. “நாளைக்கு ஏப்ரல் ஒண்ணு. எக்கா ஒரு நாளு முன்னாலயே தொடங்கியாச்சு” என்றான் செல்லப்பன்.

நிலா தென்னைக்கு மேல் வந்தது. நீ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தாய். புரை மூடிய இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அண்ணாந்தாய். எல்லோரும் உன் வாயைப் பார்த்தார்கள். ஜங்ஷனில் அவ்வளவு மெதுவாக நீ பேசி யாரும் கேட்டதில்லை.

“நீலம்தான்.”

கூட்டம் சிரிப்பில் வெடித்தது. நீ அவர்களைக் கவனிக்கவில்லை. “எடி, நீலம் முக்கி ஒணக்கின வெள்ள வேட்டி மாதிரி. அந்த நீலமாக்கும்” என்றாய் என்னிடம்.

“ஆஸ்பத்திரியில எக்காவுக்க கண்ணையும் நீலம் முக்கி விட்டாச்சு!” என்றான் செல்லப்பன்.

எனக்கு அது சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. நான் நிலாவை அதிகம் பார்க்கவில்லை, அக்கா. உன் முகத்தைத்தான் பார்த்தேன். கதவைப் பூட்டும்போது கேட்டாய்.

“நீயும் நம்பல்ல, இல்லியா?”

“உனக்க முகத்தக் கண்டா நம்பாம இருக்க முடியாது” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் நீயே கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குள் இருக்கும் பழைய வில்லை வயதாக ஆக மஞ்சளித்துப் பழுத்துவிடும், நீலத்தை உள்ளே விடாது. அதை எடுத்துப் புதியதை வைத்ததும் தடுத்து வைத்த நீலமெல்லாம் ஒன்றாக வந்து விழும். சிலருக்கு வெள்ளைப் பொருள் எல்லாம் அப்படித் தெரியும் என்று மலையாளத்தில் விளக்கினார்.

“அப்போ நான் கண்டது உள்ளதுதானா சாரே?”

உள்ளதுதான் என்றார். கொஞ்ச மாதம் போனால் மனதுக்குப் பழகிவிடும், பிறகு வெள்ளை வெள்ளையாகவே தெரியும் என்றார்.

முதல் பாதியை மட்டும் நீ ஊருக்குக் கொண்டுவந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்கின காலோடு ரோட்டைக் கடந்து, செல்லப்பனின் மைக்குக்கும் மேலே கூவினாய். “டாக்டர் பறஞ்சாச்சு! நீலம் உள்ளதாக்கும்! நீங்க எல்லாரும் மஞ்சளிச்ச கண்ண வச்சோண்டு நடக்குதிய!” செல்லப்பன் மைக்கை அணைத்துவிட்டு வந்து, முதல்முறையாக உன்னிடம் காசு கொடுத்து ஒரு பேப்பர் வாங்கினான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவன் வாங்கியது தமிழ்ப் பேப்பர்.

இடது கண்ணையும் செய்துவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் தள்ளிப்போட்டாய். ஒரு கண்ணை மூடினால் மஞ்சள், மற்றதை மூடினால் நீலம். “எலே செல்லப்பா, எனக்கு ரெண்டு நிலா உண்டு. உனக்கு லாட்டரி அடிச்சாலும் ஒண்ணுதான்.”

ஒவ்வொரு வெளுத்தவாவுக்கும் முற்றத்தில் நின்று எனக்குக் கணக்குச் சொன்னாய். நல்ல நீலம். கொஞ்சம் நீலம். ஓணம் கழிந்த பௌர்ணமியில் வெகுநேரம் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டு, “ஓரத்துல மட்டும் உண்டு” என்றாய். “பழகுது பிள்ளே. டாக்டர் பறஞ்சது செரிதான். பழகாம இருந்தா நல்லா இருந்திருக்கும்.”

கண் தெளிந்த பிறகும் காலையில் என்னைத்தான் வாசிக்கச் சொன்னாய். “உனக்குத்தான் கண்ணு வந்தாச்சே” என்றால், “கண்ணு வந்தா? நீ வாசிச்சாத்தான் எனக்கு விளிக்க வரும்” என்பாய்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த அந்தக் காலையிலும் வாசித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போய் நின்றேன். முதலில் செல்லப்பனின் மைக் நின்றது. அது ஒருநாளும் நடுவில் நின்றதில்லை என்பதால் திரும்பினேன். சைக்கிள் ரோட்டில் கிடந்தது. அவன் உன் கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். நீ பாதி பிரித்த கட்டின்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாய்.

ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. உன் கன்னத்தில் ஈரத் தாளின் தலைப்பு ஒன்று பதிந்திருந்தது, எழுத்துகள் வலமிடமாகத் திரும்பி. அதை வாசிக்கப் பார்த்தேன், அக்கா. அந்த நேரத்திலும் வாசிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கொஞ்ச மாதம் போனால் பழகிவிடும். நல்ல மனதோடு சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் முற்றத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஓரத்தில் மட்டும் மிச்சமிருந்த நீலத்தை நீ தேடியது நினைவுக்கு வருகிறது.

இன்று காலை செல்லப்பன் கடைக்கு வந்தான். நிலாப் படத்தைப் பார்த்தபடி நின்றான்.

“டீச்சரே, எக்கா இருந்தா இத எப்பிடி விளிச்சிருக்கும்?”

எனக்குத் தெரியும் அது எப்படியிருக்கும் என்று. ‘நூற்றாண்டு’ என்பதை நீட்டி, ‘இன்னைக்கு’ என்பதில் குரலை உடைத்து ஏற்றியிருப்பாய். அவன் மைக்கை என்னிடம் நீட்டினான். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவனே அதை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பினான்.

“இன்னைக்கு, இன்னைக்கு” என்றான்.

நாளை நாளை என்று மட்டுமே கூவிப் பழகிய குரல். அதையே திரும்பத் திரும்பக் கூவினான். பேப்பர் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

சாயங்காலம் நிலா வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் திருவாதிரை நோன்புக்குக் கூவைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஆதிரைக்கு முந்தின நிலா, ஆண்டுதோறும் வருவது. ஜங்ஷனில் நின்றவர்கள் பிரகாசம் கூடுதல் என்றும் இல்லை என்றும் தர்க்கித்தார்கள். செல்லப்பன் யாரும் காணாமல் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தான். பிறகு மற்றதை. நானும் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நிலாதான்.

உன்னிடம் சொல்ல வந்தது வேறு. போன வாரம் நான் அந்த டாக்டரிடம் போனேன். நம் வீட்டுச் சர்க்கரை எனக்கும் உண்டல்லவா. இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது என்றார். சில வருஷத்தில் எடுக்க வேண்டிவரும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயமில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அது தன் பாட்டுக்கு முற்றட்டும். எடுத்த பிறகு வரும் முதல் வெளுத்தவாவுக்கு நம் கடை முன்னால் நிற்பேன். கண்ணாடியைக் கழற்றி, மற்ற கண்ணைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். நீ கண்டதை அன்று நானும் காண்பேன். நீலம்தான் என்று சொல்வேன், உன்னைப்போல மெதுவாக.

அன்றும் ஜங்ஷன் சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனால் கதவைப் பூட்டும்போது, நீயும் நம்பல்ல, இல்லியா என்று நான் யாரிடம் கேட்பேன், அக்கா?