மூன்றாவது ஊசி, இரண்டு கைப்பிடி

5 ஜனவரி 2022, புதன்

காலையிலிருந்தே மழை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கணக்கு எழுதும் கிராணி லிங்கேஸ்வரன் குடையைப் பிடித்துக்கொண்டு பேசினார். இரண்டு ஊசி போட்டவர்கள் எல்லாரும் மூன்றாவதும் போட வேண்டுமாம். பூஸ்டர். எங்களுக்குப் போட்ட வகைக்கு அது கட்டாயமாம். போடாவிட்டால் போனில் இருக்கும் மைசெஜாத்ரா செயலியில் நாம் மறுபடியும் ஊசி போடாதவர் ஆகிவிடுவோம், கடைக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் விடமாட்டார்கள் என்றார். தோட்டத்து லோரியே தானா ராத்தா டவுனுக்கு ஏற்றிப் போகும்.

ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துக் கொழுந்து வெட்டும் மெஷின்காரர்கள் மட்டும் ஜோடி ஜோடியாகப் போக வேண்டுமாம். ஒருவன் கை வீங்கி வீட்டில் படுத்திருந்தால், மற்றவன் ஒற்றைக் கைப்பிடியை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்வான்? நியாயமான பேச்சு.

என் ஜோடி சிங்காரம் மச்சான். என் மனைவி திலகாவின் அண்ணன். நான் எஞ்சின் பக்கம், அவர் எதிர்ப்பக்கம், நடுவில் தேயிலை வரிசை. கிராணி பேசி முடிக்கும்வரை மச்சான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானத்தில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

9 ஜனவரி, ஞாயிறு

"ரெண்டு பேரும் இன்னும் எவ்ளோ நாளைக்குங்க இப்படி?" என்று திலகா இன்று கேட்டாள். மீன் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு எப்படித் தெரியும்? பேச்சை நிறுத்தியது நான் இல்லை.

மச்சானின் மனைவி செல்லம்மா அண்ணிக்கு நெஞ்சு வலி ரொம்ப நாளாக இருந்தது. மாத்திரை வாங்கப் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். போன வருஷம் எங்கள் நான்கு பேருக்கும் ஊசிக்கு என் போனில்தான் பெயர் போட்டேன். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, தூக்கத்திலேயே அண்ணி போய்விட்டார். இருதயம் பழுதாகி வெகுநாள் ஆகிவிட்டது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மச்சான் தலையை ஆட்டினார். கருமாதி அன்று எல்லாருக்கும் முன்னால், "இவன் போன்ல பேரு போட்டான், அவ போயிட்டா" என்றார். அத்தோடு சரி.

அந்தக் குடும்பத்துக்கே அண்ணிதான் தாய். எனக்கும் சேர்த்து. அதைச் சொல்ல எனக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

13 ஜனவரி, வியாழன்

பேசாமல் எப்படி மெஷின் பிடிக்கிறீர்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். ரொம்ப சுலபம். எஞ்சின் சத்தத்தில் பேசினாலும் காது கேட்காது. சரிவில் போகும்போது மேல்பக்கம் நிற்பவன் கைப்பிடியைத் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் கத்தி கொழுந்தை விட்டுவிட்டு முற்றின இலையில் இறங்கும். முன்பெல்லாம் நான் மறந்துபோனால், "மாப்ளே, இறக்கிப் புடி" என்று மச்சான் அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்துவார். இப்போது கைப்பிடியை ஒரு தட்டு தட்டுகிறார். வேலை அதேதான் நடக்கிறது.

18 ஜனவரி, செவ்வாய். தைப்பூசம்

கோயிலில் கூட்டம் போடக் கூடாது என்று இந்த வருஷமும் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். மத்தியானம் பூவிழி வந்தாள். மச்சானின் ஒரே மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அண்ணி வேலைக்குப் போன நாளெல்லாம் அவள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள். திரிங்காப்பில் பூத்தோட்டத்து ஆபீசில் வேலை. அங்கே காய்கறி லோரி ஓட்டும் லோகேஸ்வரனைப் பார்த்து வைத்திருக்கிறாள். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். கல்யாணம் சித்திரையில், ஏப்ரல் பதினேழு, தாப்பாவில் மண்டபம் பிடித்தாயிற்று.

எல்லாம் சொல்லிவிட்டு அவள் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அத்தை, தாரை வார்க்க புனிதன் சித்தப்பாவும் சித்தியும் வராங்களாம். அப்பா சொல்லிட்டாரு."

அண்ணி இல்லாததால் மச்சான் தாரை வார்க்க முடியாது. ஜோடியாக நின்றுதான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அந்த இடத்தில் அத்தையும் மாமாவும் நிற்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றால் — சின்ன வயதில் அவளுக்குத் தலை சீவிவிட்ட நாளிலிருந்தே நினைத்திருந்தேன்.

திலகா ராத்திரிக்குச் சமைக்கவில்லை. நான் ரொட்டி சாப்பிட்டேன்.

27 ஜனவரி, வியாழன்

மண்டபத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். போனில் மூன்றாவது ஊசி காட்டாதவர்களுக்கு ஏப்ரலில் அனுமதி இல்லை, பெண்ணின் அப்பாவாக இருந்தாலும் சரி. பூவிழி போனில் அழுதாள். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சினாளாம். "நான் வாசல்ல நின்னு பாத்துக்கிறேன் லா" என்றாராம் அவர்.

பெண்ணைக் கொடுக்கவும் முடியாது, உள்ளே நிற்கவும் மாட்டார். அவருக்கு எது மிச்சம் என்று எனக்குப் புரியவில்லை.

4 பிப்ரவரி, வெள்ளி

மெஷின் ஜோடிகள் எல்லாம் ஊசி போட்டு முடித்துவிட்டன. பாக்கி நாங்கள் மட்டும். கிராணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, நீங்களாச்சும் அவருகிட்ட பேசுங்க."

"நாங்க பேசுறதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"டெய்லி மெஷின் புடிக்கிறீங்களே லா."

நான் தனியாகப் போய்ப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஜோடி ஜோடிதான் என்றார். தோட்டத்து மேனேஜர் துரையின் உத்தரவாம்.

15 பிப்ரவரி, செவ்வாய்

மேல் லைனில் மூன்று வீடுகளில் காய்ச்சல். இந்தத் தடவை யாருக்கும் மூச்சு முட்டவில்லை. மூக்கு ஒழுகல், தொண்டை வலி, அவ்வளவுதான் என்கிறார்கள். மச்சான் மட்டும் மெஷின் பிடிக்கும்போது முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். ஊசி வேண்டாமாம், கவசம் வேண்டுமாம்.

20 பிப்ரவரி, ஞாயிறு

திலகா அண்ணன் வீட்டுக்குக் கோழிக்கறி எடுத்துப் போனாள். திரும்பி வந்ததும் சட்டியைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் ஊசிக்குப் போகமாட்டேன் என்கிறாய் என்று நேராகவே கேட்டிருக்கிறாள். பயமா என்று. அவர் சொன்னாராம்: "மொத ஊசிக்கு அவ பக்கத்துல ஒக்காந்தேன். ரெண்டாவதுக்கும் பக்கத்துல ஒக்காந்தேன். அவ ரெண்டோட நின்னுட்டா. நான் மட்டும் எப்படிம்மா மூணாவதுக்குப் போயி ஒக்கார்றது?"

இத்தன நாளா என்னைத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன். திட்டியும் இருப்பாரு. ஆனா இது வேற. இத யாரு அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியும்? சே.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கறி நன்றாக இருந்தது, அவர் பாதி திருப்பி அனுப்பியிருந்தார்.

7 மார்ச், திங்கள்

மழை. பதினேழாம் நம்பர் மலை. கைப்பிடியில் இரண்டு தட்டு.

15 மார்ச், செவ்வாய்

காலையில் லோரி புறப்படும் நேரத்துக்கு மச்சான் வந்து நின்றார். தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. கிராணி என்னைப் பார்த்தார், நான் ஓடிப்போய்ச் சட்டை மாற்றி வந்தேன். பூவிழி மறுபடி பேசினாளா, அவராக வந்தாரா — தெரியாது. கேட்கவும் இல்லை.

தானா ராத்தா மண்டபத்தில் கூட்டம் குறைவு. போன வருஷம் வெளியே சாலைவரை வரிசை நின்றது, இப்போது கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். மச்சான் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலி. மலாய்க்காரப் பெண் ஒருத்தி, உதவிக்கு நிற்பவள், என்னை அதில் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

"ஆடா ஓராங்" என்றேன். ஆள் இருக்கிறது என்று.

அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இது வாயில் எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. யோசித்துச் சொன்னதில்லை.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டது. முழங்காலில் இருந்த கை அசையாமல் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் முகக்கவசத்தைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்தார். நாங்கள் இரண்டு பேரும் நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அந்த நாற்காலி. யாரும் அதில் உட்காரவில்லை.

ஊசி போடும்போது வலித்ததா என்று திலகா கேட்டாள். ஞாபகம் இல்லை.

இன்னொன்று. நர்ஸ் எந்தக் கை என்று கேட்டதும் மச்சான் இடது கையை நீட்டிவிட்டார். ஊரில் எல்லாரும் இடதுதான் நீட்டுவார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் பிடிப்பவனுக்குப் பாரமெல்லாம் இடது கையில்தான். எஞ்சின் பக்கத்துக்காரன் இடதில் போடுவான், எதிர்ப்பக்கத்துக்காரன் வலதில் போடுவான். மெஷின்காரன் எவனும் இதில் தப்புப் பண்ணமாட்டான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நாங்கள்தான் பேசுவதில்லையே.

16 மார்ச், புதன்

ஓய்வு. லேசான காய்ச்சல். இடது கையைத் தூக்க முடியவில்லை. திலகா கஞ்சி வைத்து அண்ணன் வீட்டுக்கும் ஒரு தூக்கு கொடுத்துவிட்டாள். தூக்கு காலியாகத் திரும்பி வந்தது.

17 மார்ச், வியாழன்

மச்சான் கைப்பிடியைப் பிடித்ததும் முகம் சுளித்தார். வரிசை தொடங்கி நாலு எட்டு வைப்பதற்குள் மெஷின் அவர் பக்கம் சாய்ந்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன். வரிசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் அவர் கைப்பிடியைப் பிடித்தேன். அவர் எஞ்சின் பக்கம் போய் நின்றார். அங்கே பாரமெல்லாம் வலது கையில், அவர் ஊசி போடாத கை.

எனக்கும் ஊசி போட்டது இடது கையில்தான். இது எனக்கு வரிசையின் பாதியில்தான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சாயங்காலம் திலகா எண்ணெய் தேய்த்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு பேருல ஒருத்தருக்காவது புத்தி இருக்கணுமே" என்றாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள்.

10 ஏப்ரல், ஞாயிறு

பூவிழி ஒரு பை கொண்டு வந்தாள். அப்பா கொடுக்கச் சொன்னாராம். உள்ளே பட்டுச் சேலை, மாம்பழ நிறம். கீழே வேட்டி சட்டை. தாரை வார்க்கிறவர்களுக்கு எடுக்கிற உடுப்பு.

"புனிதன் சித்தப்பாவுக்கு?" என்று திலகா கேட்டாள்.

"அவங்க பந்தல பாத்துக்கிறாங்களாம் அத்தை."

திலகா சேலையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் வெளியே போய்க் கோழிக்குத் தீனி போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தேன். மறுபடி போட்டேன்.

17 ஏப்ரல், ஞாயிறு. தாப்பா

மண்டப வாசலில் நின்ற இளைஞன் யார் போனையும் பார்க்கவில்லை. கையை அசைத்து உள்ளே போகச் சொன்னான். மச்சான் நகரவில்லை. மூன்றாவது ஊசி காட்டும் பக்கத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவன் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

தாரை வார்க்கும் நேரம். பூவிழியின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்து, அடியில் என் கை. திலகா சொம்பைச் சாய்த்தாள். மேடையில் அவ்வளவு பேர் பார்க்க நின்று எனக்குப் பழக்கமில்லை. கையை உயரத் தூக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. தண்ணீர் தட்டில் விழாமல் முழங்கை வழியாகப் புதுச் சட்டைக்குள் ஓடியது. பூவிழி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் என்னை முறைத்தார்.

மச்சான் மேடைக்குக் கீழே, ஓரமாக நின்றிருந்தார். நாதஸ்வரம், மேளம், பிள்ளைகள் கத்தல் — எல்லாவற்றையும் மீறி அவர் குரல் கேட்டது.

"மாப்ளே, இறக்கிப் புடி."

இறக்கிப் பிடித்தேன். தண்ணீர் சரியாக விழுந்தது.

28 ஏப்ரல், வியாழன்

மே ஒன்றிலிருந்து எங்கே போனாலும் போனைக் காட்ட வேண்டியதில்லையாம். ஊசி போட்டவன், போடாதவன், எல்லாருக்கும் ஒரே கதவு. பெரட்டில் கிராணி சொன்னதும் எல்லாரும் மச்சானைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

9 மே, திங்கள்

வெயில். ஒன்பதாம் நம்பர் மலை. நான் எஞ்சின் பக்கம், அவர் எதிர்ப்பக்கம்.

மச்சான் வரிசை முழுக்க ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை செல்லம்மா என்றதுபோல் இருந்தது. வரிசை முடிந்து திரும்பியும் அவர் நிறுத்தவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். எஞ்சினை அணைக்கவில்லை.