இன்னொரு தொட்டில்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நம் இரட்டைப் பெண்கள் இன்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆமாம், இரண்டு பேரும்தான்.

எட்டாம் மாதமே பிறந்தவர்களைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டு, "சின்னவ தங்கமாட்டா, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லி வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். இன்று வீட்டைத் திறந்தால், நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு தொட்டில்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஐம்பது நாளும் சின்னவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டே கிடந்தேன். காலையில் எடை பார்த்த நர்ஸ், "அக்காவையே முந்திட்டா இந்த வாலு!" என்று சிரித்தார்.

இப்போது அந்த ஒரே தொட்டிலில், அக்காவின் மூக்கில் காலை வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

லீவு போட்டு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். கையை வீசிக்கொண்டு மட்டும் வராதீர்கள். இன்னொரு தொட்டிலோடு வந்தால்தான் கதவைத் திறப்பேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா