நாலு விரல் குறைத்து

விருத்தாசலம்,
3.1.1979

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். ஸ்வெட்டர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கம்பளி நூல் கிடைக்கவில்லை என்று போன மாதம் நான் எழுதியது பொய். உங்கள் கடிதம் வந்த அன்றே கடைவீதியில் பச்சை நூல் வாங்கிவிட்டேன்.

பாலைவனத்தில் குளிர் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, பழைய அளவு வேண்டாம், நாலு விரல் குறைத்துப் பின்னு என்றும். அந்த அளவு யாருக்கு என்று யோசித்தேன். என்ன நினைத்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது.

அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகள் குஞ்சம் செய்ய நூல் கேட்டார்கள். சிலேட்டில் சுற்றிக் கட்டி, நானே கத்தரியால் வெட்டிக் கொடுத்தேன்.

"இது அத்தாவுக்கு வாங்குனதுதானம்மா?" என்றாள் பெரியவள்.

"அவருக்கு அங்க வெயிலுதான்" என்றேன்.

வாசல் நிறையத் தொங்கவிட்டோம். செராமிக் கம்பெனிக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

நேற்று மங்கலம்பேட்டை ஹிதாயத்துல்லா அண்ணன் வந்தார், உங்களோடு ஒரே அறையில் இருந்தவர். குஞ்சங்களைத் தொட்டுப் பார்த்து, "அழகா இருக்குதும்மா" என்றார். பிறகுதான் சொன்னார்: "அவரு குளிருக்குச் சாக்கைத்தான் போத்திக்கிறாரு. காச்சல்ல பாதி ஆளாயிட்டாரு. வூட்ல சொல்லாதீங்கன்னாரு."

குஞ்சங்களை அவிழ்த்து, துண்டுகளை முடிந்து முடிந்து பின்னிக்கொண்டிருக்கிறேன். உள்பக்கம் முடிச்சுகள் உறுத்தும். பனியனுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு விரல் குறைத்திருக்கிறேன். இன்னும் குறைக்க வேண்டுமா என்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா