மாப்பிள்ளைக்குக் குலவை

வரப்போகும் கணவருக்கு,

நிச்சய நகை எடுக்க, வெள்ளிக்கிழமை உங்கள் அம்மாவோடு பெண்கள் விடுதி வாசலுக்கே வந்து என்னை அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். கட்டாயம் வாருங்கள்.

எங்கள் சந்தில் எவனாவது ஒரு பெண்ணின் பின்னால் வந்தால் நாங்கள் கூச்சல் போடுவதில்லை. கெய்ரோவில் கூச்சலுக்கு யார் எட்டிப் பார்க்கிறார்கள்? சன்னலுக்குச் சன்னல் குலவை போடுவோம். கல்யாணம் என்று நினைத்துத் தெருவே வெளியே வந்துவிடும்.

நேற்று மாலை, விடுதியில் புதிதாகச் சேர்ந்த நிவீனை ஒருவன் அசிங்கமாகப் பேசிக்கொண்டே வாசல்வரை விரட்டி வந்தான். குலவை கிளம்பியது. எதிர்வீட்டு இன்ஷிராஹ் அத்தை பால்கனிக்கு ஓடிவந்து, "யாருக்குடி கல்யாணம்?" என்றாள்.

"மாப்பிள்ளை கீழதான் நிக்கிறாரு! மூஞ்சிய நல்லாப் பாத்துக்குங்க அத்தை!" என்று கத்தினார்கள் என் தோழிகள்.

எல்லோரும் பார்த்த பிறகுதான் அவன் முகத்தை மூடிக்கொண்டு ஓடினான், நான் பின்னிக் கொடுத்த பச்சை மஃப்ளரால்.

உங்களைத் தெரியும் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதும் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லாச் சன்னல்களும் திறந்திருக்கும். குலவை கேட்டு உங்கள் அம்மா பூரித்துப்போய் அண்ணாந்து பார்ப்பார். "எம் பையன உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்பார்.

அத்தை பதில் சொல்வாள்.

இப்படிக்கு,
நேற்றைய முதல் குலவையைப் போட்டவள்